பிள்ளைகள் குடிக்கும் சீனி: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழந்தை வளர்ச்சிப் பணிகள், பள்ளிக் கல்வி, உணவுப் பாதுகாப்புத் துறைகளின் மாவட்ட அலுவலர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

சீனி என்றதும் பேச்சு நீரிழிவுக்கும் சொத்தைப் பல்லுக்கும் போய்விடும். அவை பெரிய பிரச்சினைகள்தான். ஆனால் அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. கருவில் இருக்கும் காலம் தொட்டுப் பதின்ம வயது முடியும் வரை உள்ளே போகும் சீனி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் நினைவாற்றலை என்ன செய்கிறது, அதற்கு இந்த மாவட்டத்தில் இப்போதே என்ன செய்யலாம் என்பதை எழுதவே இந்த மடல். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். தீபாவளி முந்திரிக்கொத்தையோ, கோயில் பாயசத்தையோ, கிறிஸ்துமஸ் கேக்கையோ யாரும் விட வேண்டாம். ஆண்டில் சில நாள் வருவது அது. எங்கள் கவலை நாள்தோறும் போவதைப் பற்றி, அதிலும் குடிக்கும் சீனியைப் பற்றி.

காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று படித்ததை நாளைக்கும் அடுத்த மாதத்துக்கும் நிற்கும் நினைவாக மாற்றுவது அதன் வேலை. எதை, எங்கே, எப்போது பார்த்தோம் என்று சேர்த்து வைப்பதும் அதுவே. சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, இன்னும் வேண்டுமா போதுமா என்ற கணக்கிலும் அதற்குப் பங்கு உண்டு. இந்தப் பகுதி பழுதானால் படிப்பு மட்டும் அடிபடாது, அளவு தெரியாமல் தின்னும் பழக்கமும் சேர்ந்து வரும்.

"மூளைக்குத் தீனியே குளுக்கோஸ்தானே, பிறகு சீனி கொடுத்தால் என்ன?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. உண்மைதான், ஐந்து வயதை ஒட்டிய குழந்தையின் அன்றாட ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் குளுக்கோஸ் சோற்றிலிருந்தும், புட்டு பயறிலிருந்தும், மரச்சீனிக் கிழங்கிலிருந்தும் (மரவள்ளி), ஏத்தம்பழத்திலிருந்தும் (நேந்திரம்பழம்) தேவையான அளவுக்குக் கிடைத்துவிடும். மேலே தூவும் சீனி மூளைக்குத் தேவையான எதையும் கூடுதலாகத் தருவதில்லை. சீனியில் பாதி குளுக்கோஸ் அல்ல, ஃப்ரக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை என்பதையும், பானமாகக் குடிக்கும்போது நாரோ புரதமோ தடுக்காமல் அது ஒரே மூச்சில் குடலுக்குள் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கூர்மையான சான்று எலிகளிடமிருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கனோஸ்கி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவ எலிகளுக்குச் சுமார் 30 நாள் 11 சதவீத இனிப்புக் கரைசலைக் குடிக்க வைத்தார்கள். கடையில் விற்கும் குளிர்பானத்தின் செறிவும் ஏறக்குறைய அதுதான். வழி கற்று நினைவு வைக்கும் சோதனையில் அந்த எலிகள் பின்தங்கின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் அழற்சியைக் காட்டும் புரதங்களும் கூடியிருந்தன. வளர்ந்த எலிகளுக்கு அதே கரைசலைக் கொடுத்தபோது இந்தப் பாதிப்பு தெரியவில்லை. சீனியின் அளவு மட்டுமல்ல, அது எந்த வயதில் போகிறது என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

2021இல் எமிலி நோபல், கனோஸ்கி முதலானோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. இளம் வயதில் இனிப்புக் கரைசல் குடித்த எலிகளின் உடல் எடை மற்ற எலிகளின் எடையிலிருந்து மாறுபடவில்லை. ஒரு பொருளை முன்பு பார்த்திருக்கிறோமா என்று அடையாளம் காண்பதிலும் குறை இல்லை. ஆனால் அந்தப் பொருளை எந்த இடத்தில் பார்த்தோம் என்று சேர்த்து நினைவுகூரும் சோதனையில், அதாவது ஹிப்போகாம்பஸுக்கே உரிய சோதனையில், தவறின. அவற்றின் குடலில் பாராபாக்டீராய்டிஸ் என்ற வகை நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன. சீனியே குடிக்காத எலிகளின் குடலில் அந்த நுண்ணுயிர்களைச் சேர்த்தபோது அவற்றின் நினைவாற்றலும் குறைந்தது. இதே குழுவின் வேறு ஆய்வுகளில், இளமையில் இனிப்பு குடித்த எலிகளை வளர்ந்த பின் நல்ல உணவுக்கு மாற்றிய பிறகும் நினைவுக் குறை நீடித்தது. பிள்ளை ஒல்லிதானே, பரவாயில்லை என்று இருக்கும் வீடுகளுக்குத்தான் எடை மாறவில்லை என்ற வரி. ஒல்லியான பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தக்கூடும்.

எலியில் கண்டது அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருந்தும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2015 ஆய்விலேயே ஃப்ரக்டோஸ் மிகுந்த சோளப் பாகுதான் தெளிவான பாதிப்பைக் காட்டியது, நம் வீட்டுச் சீனியான சுக்ரோஸின் பாதிப்பு அதைவிடக் குறைவு. மனிதர்களிடம் கிடைக்கும் சான்று வேறு வகையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்-சேய் இணைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. கர்ப்ப காலத்தில் தாய் அதிகச் சீனியும் இனிப்புப் பானமும் எடுத்திருந்தால் பிள்ளையின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் சற்றுக் குறைவாக இருந்தன. குழந்தை பழம் அதிகம் தின்ற வீடுகளில் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை உறுதி செய்யும் ஆய்வு அல்ல. ஆனாலும் எலிச் சோதனையும் மனிதக் கணக்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது, சீனியைக் குறைப்பதால் நட்டம் எதுவும் இல்லாதபோது, காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

போகிற போக்கில் ஒன்று: இனிப்பு தின்றதும் பிள்ளைகள் அடங்காமல் குதிக்கும் என்ற நம்பிக்கைக்குச் சான்று இல்லை. 1995இலேயே பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து அதை மறுத்துவிட்டார்கள். பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களில் அதைச் சொல்லாமல் விடுவது நல்லது. தவறான ஒன்றைச் சொன்னால் சரியான பத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ரேஷன் பற்றி ஒரு செய்தியை ஆட்சியரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து பிரிட்டனில் சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அதை நீக்கியதும் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமாக இருந்த பயன்பாடு 80 கிராம் வரை ஏறிவிட்டது. பங்கீட்டுக் காலத்தில் கருவாகி முதல் ஆயிரம் நாளைக் குறைந்த சீனியோடு கழித்தவர்களையும், நீக்கிய பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு. மூளையை அளந்த ஆய்வு அல்ல அது. ஆனால் நடுவயதில் வரும் நீரிழிவு முதுமையில் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது தெரிந்ததே.

நம் அரிசி அட்டைக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 500 கிராம் சீனி என்பது கணக்கு. நாளைக்கு 17 கிராம் கூட இல்லை. ரேஷன் சீனியோடு ஒரு வீடு நின்றுவிட்டால் பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கும். பெட்டிக்கடையும் பேக்கரியும் பாக்கெட்டும்தான் கணக்கைத் தாண்ட வைக்கின்றன.

வரம்பு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழ், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழ் என்று. 5 சதவீதம் என்று எடுத்தால் 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 17 கிராம், 7 முதல் 9 வயதுக்கு 21 கிராம், 10 வயதுக்கு மேல் சுமார் 25 கிராம். இரண்டு வயதுக்குக் கீழே சேர்த்த சீனியே வேண்டாம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் 4 கிராம். கடையில் குவித்துப் போடும் கரண்டி 6 கிராமுக்கும் மேலே போகும்.

ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் சாதாரண நாளைக் கணக்கிடுவோம். காலையில் இரண்டு கரண்டி போட்ட சாயா, 8 கிராம். பள்ளிக்குப் போகும்முன் பாலில் ஊட்டப் பொடி 20 கிராமும் மேலே ஒரு கரண்டி சீனியும், சேர்த்து 10 கிராம். இடைவேளையில் நாலு கிரீம் பிஸ்கட், 14 கிராம். மாலை 160 மி.லி. மாம்பழப் பானம், 20 கிராம். மொத்தம் 52 கிராம். வரம்பைப் போல இரண்டரை மடங்கு. இதில் ஒரு பலகாரம் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கோடையில் ஒரு நன்னாரி சர்பத் சேர்ந்தால், 50 மி.லி. பாகிலேயே 30 கிராமுக்குக் குறையாது.

இனி வயது வாரியாக.

பிறந்த அன்றைக்கே தொடங்குகிறது இது. சேனை வைக்கிறோம் என்று சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை. தேன் என்றால் மார்த்தாண்டம் என்று பெருமை பேசும் ஊர் இது, அந்தப் பெருமை நியாயமானதும் கூட. ஆனால் ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். மகப்பேறு நடக்கும் எல்லா மருத்துவமனைகளிலும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், அதைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்று பாட்டிமாருக்கும் சேர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. சேனை வைப்பது தாய் அல்ல.

ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவு. இங்கேதான் குமரி மாவட்டத்துக்கு மற்ற ஊருக்கு இல்லாத வசதி இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம், ஏத்தங்காய்ப் பொடி, பாசிப்பயறு, சாளை (மத்தி) மீன், முட்டை. சீனி இல்லாமலே இனிப்பான குறுக்கு (குழந்தைக்கான கூழ்) காய்ச்ச ஏத்தங்காய்ப் பொடியே போதும். முற்றிய, பழுக்காத காயைத் தோல் சீவி இரண்டு மூன்று மி.மீ. கனத்தில் வட்டமாக அரிந்து, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் உலர்த்த வேண்டும். ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஜூனிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நம் ஊரில் வெயில் போதாமல் பூஞ்சை பிடிக்கும். மணம் மாறிய துண்டைத் திரும்பக் காயவைத்து எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். மழை வருமுன்பே இரண்டு மாதத்துக்கு வேண்டியதைப் பொடித்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்வதே வழி.

ஒரு மேசைக்கரண்டிப் பொடியையும், வறுத்துப் பொடித்த பாசிப்பயறு ஒரு டீஸ்பூனையும் 150 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் தூவினால் கட்டி தட்டும், கட்டிக்குள் பச்சை மாவு நிற்கும். சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறினால் பளபளப்பு வரும். இறக்கி அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். ஆறியபின் பாதி மட்டிப்பழத்தை மசித்துச் சேர்த்தால் இனிப்பு போதும். குறுக்கோடு மட்டும் நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. மாவுச்சத்து மட்டும் மூளையை வளர்க்காது. ஏழாம் மாதத்திலிருந்தே நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்த சாளை அல்லது நெத்திலி, பயறு, கீரை வேண்டும். சாளையில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு மூளைச் செல்களின் சுவரிலேயே சேர்வது. இரும்புச்சத்துக் குறைவும் ஹிப்போகாம்பஸைத் தாக்கும். சீனி செய்யும் கெடுதலில் ஒரு பாதி, அது வயிற்றை நிரப்பி இவற்றுக்கு இடம் இல்லாமல் ஆக்குவதில் இருக்கிறது.

கருப்பட்டி போட்டால் தவறில்லை என்று நினைப்பவர்கள் இங்கே அதிகம். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். அதில் உள்ள சிறிதளவு தாதுச்சத்துக்காக அதைக் குழந்தை உணவில் சேர்ப்பது கணக்குக்கு ஒத்துவராது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் இந்த 17, 21, 25 கிராமுக்குள்ளேயே வர வேண்டும். முழுப் பழம் மட்டும் அந்தக் கணக்கில் வராது. பெரியவர்கள் சுக்கு காப்பியில் கருப்பட்டி போட்டுக் குடிக்கட்டும், அது வேறு விஷயம்.

அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் கலந்தே வருகிறது. கலவையை முடிவு செய்வது மாநில அரசு, மாவட்டத்தால் மாற்ற முடியாது என்று தெரியும். ஆனால் மூன்று காரியம் மாவட்டத்தாலேயே முடியும். நூறு கிராமில் வெல்லம் எத்தனை கிராம் என்பதை ஒவ்வொரு மையத்திலும் தமிழில் எழுதி வைக்கலாம். கஞ்சி காய்ச்சும்போது மேலே சீனி போட வேண்டாம் என்று பணியாளர்களும் பெற்றோரும் அறியச் செய்யலாம், பல வீடுகளில் வெல்லம் கலந்த மாவுக்கு மேலேயே இரண்டு கரண்டி சேர்க்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெல்லம் இல்லாத தனிப் பொட்டலம் வேண்டும் என்று துறை இயக்குநரகத்துக்கு மாவட்டத்திலிருந்து முன்மொழிவு அனுப்பலாம். வெல்லத்தை எடுத்தால் ஆற்றல் குறையாதா என்று அங்கே கேட்பார்கள். குறையும். 10 கிராம் வெல்லத்தின் ஆற்றலை ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஈடு செய்துவிடும், ஈத்தாமொழித் தேங்காய்க்குப் பேர் போன மாவட்டத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. கடும் ஊட்டக்குறைவுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் சிகிச்சை உணவுகளில் சீனி இருக்கும். அவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது.

கடையில் வாங்கும் குழந்தை உணவுப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். முன்பக்கத்துப் படங்களைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. ஊட்டச்சத்து அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைக் கண்டுபிடித்து, நூறு கிராமுக்கு எவ்வளவோ அதை ஒரு வேளைக்கு எடுக்கும் கிராமால் பெருக்கி, நூறால் வகுத்து, பிறகு நாலால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று வந்துவிடும். பொருட்பட்டியலில் குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், பழச்சாற்றுச் செறிவு என்று எந்தப் பெயரில் வந்தாலும் இனிப்பு இனிப்புதான். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரை வரியில் வராமல் தப்பிக்கும், உடலிலோ அதுவும் வேகமாகக் குளுக்கோஸாகும். பாலில் கலக்கும் பொடிகளை இணைய விற்பனைத் தளங்கள் 'ஆரோக்கிய பானம்' என்ற வகையில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு 2024இல் அறிவுறுத்தியது பல பெற்றோருக்கு இன்னும் எட்டவில்லை.

இரண்டு மூன்று வயதில் சாயாவில் பிஸ்கட்டைத் தோய்த்து ஊட்டுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். இது இரண்டு வகையில் கெடுதல். சீனி ஒன்று. தேயிலையின் டானின் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காமல் தடுப்பது மற்றொன்று. ஏற்கெனவே பழகிய பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் பாலும் குடிக்காமல் அடம் பிடிக்கும், மூன்றாம் நாள் வீடு தோற்றுவிடும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் இரண்டு கரண்டி நாலு வாரத்தில் பூச்சியமாகும். நாக்கு அதற்குள் பழகிவிடும். அம்மா குறைத்ததை ஆச்சி கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. புதுச் சுவையான காயையோ மீனையோ பிள்ளை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், பத்துத் தடவைக்கு மேலும் சிறிதளவு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி கலப்பது தீர்வல்ல. இனிப்பு இல்லாமல் இறங்காது என்ற பழக்கத்தை அது அப்படியே காப்பாற்றும்.

இனி பள்ளி. 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது. 50 மீட்டர் என்பது பெரியவர் நடையில் 65, 70 எட்டு. பள்ளி மேலாண்மைக் குழுவே ஒரு சாயங்காலம் நாடா பிடித்து அளந்துவிடலாம். குளிர்பான நிறுவனம் வரைந்து கொடுத்த பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் இந்த எல்லைக்குள் இருந்தால் அவையும் விதிமீறலே.

ஆனால் நேராகப் போய் அபராதம் போடும் வழியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பெட்டிக்கடை வைத்திருப்பவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாகவும் இருப்பார். கடை 60 மீட்டருக்கு நகரும், அல்லது மணி அடிக்கும் நேரத்துக்கு மட்டும் வண்டி வரும். விற்பனையை மாற்றுவதே நிற்கும் தீர்வு. அவித்த கடலை, சுண்டல், மட்டிப்பழம், அவித்த மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தித் துவையலும், சம்பாரம் (தாளித்த நீர்மோர்), பருவத்தில் நுங்கு. இவற்றில் எதையும் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஆரம்ப முதல் போட மகளிர் குழுக் கடன் போதும். முதலில் வளாகத்துக்குள் இருக்கும் கேன்டீனைச் சரி செய்துவிட்டுத்தான் வெளிக்கடையிடம் பேச வேண்டும். உள்ளே குளிர்பானம் விற்றுக்கொண்டு வெளியே நோட்டீஸ் ஒட்டினால் சிரிப்பார்கள்.

தண்ணீர் இல்லாத பள்ளியில் இனிப்புப் பானத்தை நிறுத்த முடியாது. குழாய்த் தண்ணீர் வெயிலில் சுட்டிருந்தாலும், கழிப்பறை அசுத்தமாக இருந்தாலும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிட்டு மாலையில் கடைக்கு ஓடுவார்கள். நிழலில் மண்பானை அல்லது வடிகட்டி, வாரம் ஒருமுறை தொட்டி கழுவல், பூட்டாத கழிப்பறை. சீனி ஒழிப்புத் திட்டத்தில் கழிப்பறைக்கு என்ன வேலை என்று கேட்பவரை ஒரு நாள் பள்ளியில் உட்கார வைக்கலாம். கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிப்பதை 2019இலேயே தொடங்கிவிட்டார்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வந்து அதை இங்கே செய்வதற்கு உத்தரவு கூட வேண்டாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு 2025 மே மாதம், எதில் எவ்வளவு சீனி என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் வைக்கலாம். அச்சிட்ட சுவரொட்டியை யாரும் படிப்பதில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்வது நல்லது. அவர்கள் வாங்கும் பானம், பிஸ்கட்டின் காலி உறைகளைக் கொண்டுவந்து, மேலே சொன்ன வகுத்தலைச் செய்து, சமையல் தராசில் அத்தனை கிராம் சீனியை நிறுத்து, சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெப்பத்தில் ஒட்டி, உறையின் பக்கத்திலேயே தொங்கவிட வேண்டும். 250 மி.லி. குளிர்பானத்துக்கு 26 கிராம் வரும். உறையைச் சரியாக ஒட்டாவிட்டால் நம் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் சீனி கசியும், எறும்புதான் பலகையைப் படிக்கும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகளின்போது இருபது ரூபாய் எனர்ஜி டிரிங்க் பாட்டில்கள் பைக்குள் வருகின்றன. இவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபீன் இருக்கலாம் என்பது விதி. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும், சிறிய எழுத்தில். பகலில் படித்ததை ஹிப்போகாம்பஸ் பதிய வைப்பது இரவுத் தூக்கத்தில்தான். சீனியையும் காஃபீனையும் குடித்து இரண்டு மணி வரை விழித்துப் படிக்கும் பிள்ளை, படித்ததைப் பதிய விடாமல் தானே தடுத்துக்கொள்கிறது. தேர்வு மாதத்தில் தலைமையாசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் வேறெதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுப்பதும், போட்டியில் வென்றால் சாக்லேட் தருவதும் பள்ளி நினைத்தால் ஒரே வாரத்தில் மாறும். பென்சில் கொடுங்கள்.

எச்சரிக்கையாக மூன்று. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சீனி இருக்கிறது என்று நிறுத்திவிடக் கூடாது. அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், உப்பை உடலுக்குள் இழுக்க அது தேவை. அதே சமயம், கடையில் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அந்தப் பெயரைப் பானங்களுக்கு வைப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. பழைய இருப்பு மருந்துக்கடை அலமாரியில் இருந்தால் அலுவலர்கள் எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்குத் திடீரென்று ரத்தச் சர்க்கரை இறங்கினால் 10 முதல் 15 கிராம் குளுக்கோஸ் உடனே வாயில் போக வேண்டும். 'சீனி இல்லாப் பள்ளி' என்று பெயர் வாங்கும் ஆசையில் அந்தப் பிள்ளையின் பையிலிருந்து குளுக்கோஸைப் பறித்துவிடாதீர்கள். வகுப்பாசிரியரின் மேசையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் எதுவும் நடக்காது. மகப்பேறு வார்டும் அங்கன்வாடியும் முதலில், ஏனென்றால் இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குக் காலம் குறைவு. ஜூனில் பள்ளி திறக்குமுன் கேன்டீன் பட்டியலும் தண்ணீரும். வெளிக்கடைகளும் பலகையும் முதல் பருவத்துக்குள். பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி வைப்பதானால் அளவுக் கரண்டி, தராசு, காலி உறைகளோடு எந்த வட்டாரத்துக்கும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தை நலம், சத்துணவு, நரம்பியல் துறைகளில் பணிபுரியும் குமரி மாவட்டத்தினர் சிலர்
நாகர்கோவில்